கேஸுக்கு நின்ற ஆள்

போன மாதம் சின்னசேலத்தில் ஊழியர் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு சால்வை, ஒரு எவர்சில்வர் டப்பா, சாப்பாடு. சால்வையைப் போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவளை அப்படியே விட்டிருக்கலாம். ஓர் இளம் ஊழியர் மைக்கைக் கொண்டுவந்து என் வாய்க்கு நேரே நீட்டினார். "உங்க காலத்துல ஞானஸ்நானம் வாங்கினவங்களைக்கூட திருவிருந்துக்குச் சேர்க்காம இழுத்தடிப்பீங்களாமே அம்மா, ஏன்? இரட்சிப்பு இலவசம்தானே?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. இப்போதெல்லாம் காலையில் கை தூக்கியவருக்கு மத்தியானம் பிளாஸ்டிக் தொட்டியில் ஞானஸ்நானம், சாயங்காலமே அப்பமும் திராட்சரசமும். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்தபின் சோறு சரியாக இறங்கவில்லை. வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலைக்குப் பெயர் பைபிளம்மா. வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து வேதக் கதை சொல்வது, ஜெபம் செய்வது, அவர்கள் அழுதால் கூட அழுவது. பயிற்சிப் பள்ளியில் பாட்டு, படம் காட்டுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். பயப்படாமல் இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குச் சுபாவமே பயம். பஸ் வரத் தாமதமானால் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்றே நினைப்பேன். யாராவது "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றால் சாவுச் சேதி என்று வயிறு கலங்கும். இப்படிப்பட்டவளைத்தான் கள்ளக்குறிச்சியில் போட்டு, கல்வராயன் மலையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மலைக்கு பஸ் விட்டு அதிக காலம் ஆகவில்லை அப்போது.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அப்போதிருந்த ஐயர் ஒல்லியான மனிதர், வயிற்றுப் புண்காரர். உப்புக் குறைத்த மோர்சாதம் தவிர வேறு எதையும் தொடமாட்டார். திருவிருந்துக் கிண்ணத்தையும் அப்பத்தையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னைத் துணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பிரசங்கம் சுமார்தான். யாராவது அழுதுகொண்டு வந்து சாட்சி சொன்னால் மற்ற போதகர்கள் பூரித்துப் போவார்கள். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று முதல் வருஷம் முழுக்க எனக்குச் சந்தேகம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தப் போதகரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு முதல் தடவை திருவிருந்துக்கு வர விரும்புகிறவர் அதற்கு முந்தைய வாரம் அவரிடம் வந்து சொல்ல வேண்டும். எல்லாப் போதகரும் விசுவாசப் பிரமாணம் தெரியுமா, கட்டளைகள் தெரியுமா என்று கேட்பார்கள். இவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "உங்களைப் பத்தி நான் யாரைக் கேக்கணும்?" சொந்தக்காரர் பெயரைச் சொல்லக்கூடாது. நம்மோடு புழங்குகிற, நம்மால் நல்லதோ கெட்டதோ பட்ட ஒரு வெளியாளின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னபின் அந்த ஆளிடம் போய்க் கேட்டுவரும் வேலை என் தலையில் விழும். போய், "இவரு முன்ன மாதிரியே இருக்காரா, மாறியிருக்காரா?" என்று கேட்பேன். அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் ஐயரிடம் ஒப்பிக்க வேண்டும். கதவைத் தட்டும்போதெல்லாம் கை வேர்த்துவிடும். கள்ளக்குறிச்சியில் ஒரு மாமியார்க்காரி என் மேல் கழுநீரையே ஊற்றியிருக்கிறாள்.

இனி மலைக்கு வருகிறேன். அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாமைக் கொல்லைகளைத் தாண்டிப் போக வேண்டும். ஊரில் பெரிய ஆள் சடையன். நல்ல உயரம், நல்ல பேச்சு. சாராயம் காய்ச்சுகிறவர். ஓடையோரம் ஊறல் போட்டு, காய்ச்சி, ஆள் வைத்துக் கீழே அனுப்புவார். மதுவிலக்குக் காலம், அதனால் நல்ல கிராக்கி. எங்கோ நடந்த ஒரு கூட்டத்தில் மனம் உடைந்து அழுது, வெளியூர்ப் போதகர் ஒருவரிடம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அது வேஷமில்லை. அதற்குப்பின் குடிக்கவில்லை, பெண்டாட்டி பவுனுவை அடிக்கவில்லை. தன் நிலத்திலேயே ஓலை வேய்ந்த ஜெபக்கூடமும் கட்டிக்கொடுத்தார். அவரைப் பார்த்துத்தான் மற்ற குடும்பங்களும் வந்தன. காய்ச்சுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் ஜெபக்கூடத்தில் துணியில் படங்களை ஒட்டிச் சிலுவையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றுக்கொண்டார் என்பது கீழ் ஊர்களில் எளிதில் புரியாது. ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் எப்படி என்று கேட்டு மடக்குவார்கள். இங்கே சடையன் முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"இதுக்கு ஏம்மா இவ்ளோ நேரம் சொல்றீங்க? கேஸு நம்முளுது. நம்ம கேஸுக்கு அவரு ஆளா நின்னாரு. கேஸு முடிஞ்சிபோச்சி. அதான?"

எல்லாத் தலையும் ஆடியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கீழே வந்ததும் ஐயரிடம், படித்தவர்களுக்கு வராத விளக்கம் மலைக்காரர்களுக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது என்று பெருமையடித்தேன். மோர்சாதம் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "கேஸுக்கு ஆளா நிக்கறதுன்னா என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒத்தாசையாக இருக்கும் என்றேன். "அடுத்த தடவை கேட்டுட்டு வாங்க," என்றார்.

பவுனுவிடம்தான் கேட்டேன். சாமை புடைத்துக்கொண்டே, மழை பெய்வதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். கீழே உள்ள போலீஸ்காரர்களுக்கு அவ்வப்போது கணக்குக் காட்ட ஒரு கேஸ் வேண்டும். ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்புவார்கள். காய்ச்சுகிறவர் போகமாட்டார், தன்னிடம் வேலை செய்கிற ஒருவரை அனுப்புவார். அந்த ஆள் கோர்ட்டில் போய், பானையும் என்னுது, ஊறலும் என்னுது என்று ஒத்துக்கொண்டு உள்ளே போவார். திரும்பி வரும்வரை அவர் வீட்டுக்கு அரிசி போய்ச் சேரும். கோர்ட்டுக்குக் கிளம்பும் நாளில் காய்ச்சுகிறவர் கூடவே போய், டீ வாங்கிக்கொடுத்து, ஒரு புதுத் துண்டைத் தோளில் போட்டு அனுப்புவது மரியாதை. ஆள் உள்ளே போன மறுநாள் ஊறல் பானைகள் புதுசாக இறங்கும்.

நான் சொன்ன சிலுவை இவர்களுக்கு ஏன் அவ்வளவு சுளுவில் புரிந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஒருவர் நமக்காக நின்றாகிவிட்டது, கேஸ் முடிந்தது, இனி பானையை இறக்கலாம். இப்படித்தான் அந்த ஜனங்கள் மனதில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைப் படம் போட்டு ஒட்டிக்காட்டியவள் நான்.

ஐயரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் சடையனும், அடுத்த திருவிருந்துக்குத் தானும் வரவேண்டும் என்று ஆசையாகச் சொல்லியனுப்பினார். ஐயர் மலைக்கு வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். சடையன் யோசிக்கக்கூட இல்லை. "நம்ம பொன்னனைக் கேளுங்க ஐயா. என்னைப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சது வேற யாருக்கும் தெரியாது," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. பொன்னன் அவருக்காகப் பல தடவை உள்ளே போய்வந்த ஆள். தன்னிடம் அத்தனை விசுவாசமாக இருக்கிறவன் தன்னைப் பற்றி நல்லதைத் தவிர வேறென்ன சொல்லப்போகிறான் என்பது அவர் நம்பிக்கை.

நான் போனபோது பொன்னன் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போயிருந்தார். பெண்டாட்டி செல்லி மட்டும் இருந்தாள். அவள் கிறிஸ்தவள் இல்லை. ஜெபக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே கேட்டேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

இந்தத் தடவை விஷயம் வேறு. கீழ் ஊரில் ஒரு கூலிக்காரருக்குச் சடையன் காய்ச்சிய சாராயத்தைக் குடித்துக் கண் போய்விட்டது. வழக்கமான கேஸ் இல்லை இது. போனால் வருஷக்கணக்கில் என்கிறார்கள். இதற்கும் பொன்னன் பெயரையே கொடுத்தாகிவிட்டது, ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், கோர்ட்டுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க சாமி ஒருவாட்டி நின்னாரும்பீங்க. எங்க வூட்டுக்காரரு எத்தினிவாட்டி நிக்கறது? அவரு நின்னதுக்கு நீங்க பாட்டு பாடறீங்க. இவரு நின்னதுக்கு யாரு பாடறா?"

இறங்கி வரும் வழியெல்லாம் இதை ஐயரிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் சடையனுக்குத் திருவிருந்து இல்லை. அவர் கோபித்துக்கொண்டு போனால் அந்த ஊரே போகும். பவுனு வேறு மாசமாக இருந்தாள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் என் வேலை. சொன்னேன்.

ஐயர் மறுபடி மலையேறினார். ஜெபக்கூடத்து வாசலில் வைத்து, இப்போது முடியாது என்று சடையனிடம் சொன்னார். சடையனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என் பாவத்த மன்னிச்சாரா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"மன்னிச்சாரு."

"அப்புறம் இன்னா?"

ஐயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "மன்னிப்பை வாங்கிக்கிட்டு நீ அதே பானைக்கிட்ட திரும்பிப் போனா, அவரையும் பொன்னன் மாதிரிதான் வெச்சிருக்கே, சடையா. உன்னைத் தப்பிக்க விடறதுக்காக அவர் நிக்கலை. உன்னை வேற மனுஷனாக்கறதுக்கு நின்னார்."

சடையன் ஜெபக்கூடத்துக் கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் பலாமரத்தடியில் ஜெபம் நடத்தினேன். வந்தது பவுனுவும் இரண்டு கிழவிகளும். ஜெபம் முடிந்ததும் பவுனு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயருகிட்ட நீங்களாவது சொல்லுங்கம்மா. பானை என்னுதுன்னு ஒத்துக்கினு அவரு உள்ள போயிட்டா நானும் வயித்துல இருக்கறதும் இன்னா ஆவறது?" என்றாள். ஒரு பக்கம் இவள், இன்னொரு பக்கம் செல்லி. யாருக்காக ஜெபம் பண்ணினாலும் மற்றவளுக்கு எதிராகப் பண்ணுவதுபோல் இருந்தது.

கள்ளக்குறிச்சிக்கு வந்ததும் ஐயரிடம் சண்டையே போட்டேன். கிருபை இலவசம் என்று பிரசங்கம் செய்துவிட்டு வாசலில் சுங்கம் வசூலிக்கிறீர்களா என்று கேட்டேன். போன மாதம் மைக்கை நீட்டிய ஊழியக்காரத் தம்பி கேட்ட அதே கேள்விதான். அவர் கோபப்படவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஊர் போயிடுமோன்னு பயம். அவன் போயிடுவானோன்னு பயம். ஆனா அப்பத்தை அவன் கையில வெச்சா, பொன்னன் உள்ள போறதுக்கு நானும் துண்டு போட்ட மாதிரி ஆயிடும்," என்றார். அன்றைக்கு மோர்சாதமும் சாப்பிடவில்லை. நெஞ்சில் ஈரமில்லாத மனிதர் என்று நினைத்திருந்தேனே, அந்த எண்ணம் அன்றோடு போயிற்று.

கோர்ட்டு நாள் வந்தது. செல்லி மலையை விட்டு இறங்கியதே இல்லை. அதனால் துணைக்கு நானும் போனேன். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. வழக்கப்படி சடையனும் வந்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். பொன்னனுக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தார். பொன்னன் பன்னை டீயில் நனைத்து அவசரமில்லாமல் தின்றார். செல்லி கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் குந்திக்கொண்டு கணவர் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பொன்னன் துண்டுக்காகத் தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு நின்றார். பழக்கம் அப்படி. சடையன் பையிலிருந்து புதுத் துண்டை எடுத்து மடிப்பை உதறினார். கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. பொன்னன் தலையைத் தூக்கி, "இன்னாண்ணே?" என்று கேட்டார். சடையன் துண்டைத் திருப்பித் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கோர்ட்டுப் படியேறினார்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உள்ளே போய்ப் பானை என்னுது, சாராயம் என்னுது என்றார். மாஜிஸ்திரேட் எரிந்து விழுந்தார். கேஸ் எழுதியவர்களுக்கு முகம் சிவந்துவிட்டது. முடிவில், உண்மை தெரியும்வரை இருவருமே இருக்கட்டும் என்று இருவரையும் ரிமாண்டில் அனுப்பிவிட்டார்கள். வேனில் ஏற்றும்போது செல்லி என்னைப் பிடித்து உலுக்கினாள். "ஒருத்தரு போறது ரெண்டு பேரா ஆயிப்போச்சி. இப்ப திருப்தியா உங்களுக்கு?" என்றாள். திரும்பிப் போகும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியமில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

பொன்னனை ஒருவழியாக விட்டுவிட்டார்கள். சடையனுக்கு இரண்டு வருஷம் தண்டனை ஆயிற்று, தானே வந்து ஒத்துக்கொண்டதால் அதோடு விட்டார்கள். கடலூர் ஜெயில். பவுனுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வாரந்தோறும் மலையேறினேன். ஏறும்போதெல்லாம் கண் ஓடைப் பக்கம்தான் போகும், புகை தெரிகிறதா என்று. சில வாரம் தெரியும், வேறு யாரோ காய்ச்சினார்கள். சடையனுடைய மச்சான்கள் என் முகத்துக்கு நேரே துப்பினார்கள். எனக்கு இருந்த பெரிய பயம் வேறு. ஒரு நாள் கையை உயர்த்தி நிறுத்தியது உண்மைதான். ஆனால் ஜெயிலுக்குப் போன மனிதன் வெறும் கோபத்தோடு திரும்பி வந்தால்? செய்த நல்ல காரியத்துக்குத் தண்டனை கிடைத்தது என்று கசந்துபோய் மறுபடி பானையை இறக்கினால்? ஐயர் கடலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "தெரியலை. பார்க்கணும்," என்பார். அந்தப் பதில் எனக்குத் தூக்கத்தைத் தரவில்லை.

சடையன் திரும்பி வந்து, ஒரு சாமை அறுப்பும் முடிந்தபின் ஐயர் பிஸ்கட் டின்னோடு மலைக்கு வந்தார். ஜெபக்கூடம் திறந்திருந்தது, ஓலை மட்டும் பழசாகியிருந்தது. சடையன் இளைத்திருந்தார். திருவிருந்துக்கு வர ஆசை என்று முந்தின வாரமே சொல்லியனுப்பியிருந்தார். அதே கேள்வியை ஐயர் கேட்டார். உங்களைப் பத்தி நான் யாரைக் கேக்கணும்?

இந்தத் தடவை சிரிப்பில்லை. பவுனு மடியில் இருந்த குழந்தை சிணுங்கியது. அதன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"செல்லியக் கேளுங்க ஐயா."

எனக்குப் பகீரென்றது. பொன்னன் என்று சொல்லியிருக்கலாமே, பொன்னன் நல்லபடியாகச் சொல்லியிருப்பாரே என்று மனம் அடித்துக்கொண்டது. ஊரிலேயே தன்னைப் பற்றி மோசமாகச் சொல்லக்கூடியவள் யாரோ அவள் பெயரைச் சொல்லிவிட்டார். ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நடந்தேன்.

செல்லி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோடாலியைக் கட்டையில் பதித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். பிறகு பேசினாள். சடையன் ஜெயிலிலிருந்து வந்ததும் ஊருக்கு வராமல் நேரே கண் போனவர் வீட்டுக்குப் போய் நின்றாராம். அடித்து விரட்டினார்களாம். மறுபடியும் போனாராம். இப்போது அவர்களுடைய சின்னக் கொல்லையில் ஏர் ஓட்டுகிறாராம். போன மாதம் கீழேயிருந்து ஆள் கேட்டு வந்தார்கள். காய்ச்சுகிறவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஆள் வேண்டுமே. பழைய பழக்கத்தில் சடையன் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

"நான் தண்ணிக்குப் போய்க்கினு இருந்தேன், என் காதால கேட்டேன். எங்களுக்கு ஒருத்தரு நின்னாச்சி, இனிமே இந்த ஊர்லேர்ந்து யாரும் நிக்கமாட்டாங்கன்னாரு. செவுள்ல ஒண்ணு வாங்கினாரு. திருப்பியும் அதையேதான் சொன்னாரு."

அப்படியானால் நீ மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, ஆசை கேட்க வைத்தது. அவள் கோடாலியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மன்னிப்புலாம் என்கிட்ட இல்லம்மா. ஆனா அன்னிக்கி எங்க வூட்டுக்காரரை அனுப்பினவரு இவரு இல்ல. போய்ச் சொல்லுங்க."

வந்து சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல், மன்னிப்பு இல்லை என்றதையும் சேர்த்து. சடையன் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், அது நியாயம் என்பதுபோல. ஐயர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு மடியிலிருந்த டின்னின் துணியை அவிழ்த்தார். அப்பத்தைப் பிட்டு நீட்டினார், சடையன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொண்டார்.